வழித்த எண்ணெய்

குற்றாலம் மெயின் அருவியில் ஒரு டிரில்லிங் மிஷினை நிறுத்தி, சீயக்காய் போட்டு, கழுத்து கக்கம் எல்லாம் தேய்த்துக் குளிப்பாட்டியவன் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். குளித்து முடித்ததும் அது ஏப்பம் விட்டது. என் காதால் கேட்டேன்.

இதைச் சொன்னதும் உள்ளி உரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள்.

மேலகரத்தில் கல்யாண மண்டபம். விடிந்தால் வேல்ராஜ் மகள் அதீபாவுக்குக் கல்யாணம். சாயங்காலம் பிடித்த சாரல் விடவில்லை. கரண்ட் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ஜெனரேட்டர் கொஞ்சநேரம் இருமிவிட்டுப் படுத்துவிட்டது. வேல்ராஜ் இலைக்கட்டு ஏற்றிவரப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தான். மிச்சம் இருந்தவர்கள் சமையல்கட்டு வாசலில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் ஒரு எமர்ஜென்சி விளக்கு, விளக்கைச் சுற்றி உள்ளிக் குவியல், சின்ன வெங்காயம்தான்... முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஜெனரேட்டரை நான் ஒரு கை பார்க்கட்டுமா என்று கேட்டதுதான் வினை.

"நீரு தொட்டா அது செத்தே போவும்வே" என்றார் குமரகுரு.

அதற்குப் பதிலாகத்தான் டிரில்லிங் மிஷினைக் குளிப்பாட்டிய என் பெருமையைச் சொன்னேன்.

குமரகுரு பெண்ணுக்குத் தாய்மாமன். வேல்ராஜ் பெண்டாட்டி சங்கரேஸ்வரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவர். கடைசி வருஷங்களில் குற்றாலம் அருவியில்தான் டூட்டி. என் பேர் கடற்கரை. பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். நான் எதைச் சொன்னாலும் பொய் என்று சொல்லுவது அவர் பார்க்கிற பார்ட் டைம் வேலை. சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமுவார். க்ர்ர்ஹ்ம்... செருமிவிட்டு, பல்லிடுக்கில் எதுவோ சிக்கின மாதிரி நாக்கால் துழாவுவார்.

"மிசினுக்குக் குளியலாம். க்ர்ர்ஹ்ம். பொய்யி. வேல்ராஜு மாப்பிள வரட்டும், கேளுங்க."

"அவன் வாரதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருவேன். நீரு அன்னைக்கு அங்கன நின்னீரா இல்லையா, அதைச் சொல்லும்."

"நின்னேன். ஒண்ணும் நடக்கலை."

"அவுக சொல்லட்டும், நீங்க உள்ளிய உரிங்க" என்றாள் அவர் வீட்டுக்காரி குருவம்மாள். "மூணு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அண்ணாச்சியாவது சொல்லட்டும்."

சொன்னேன். நீங்களும் கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்கள் மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முந்தி. வைகாசிக் கடைசி. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற ரோடு... சீசன் வந்துவிட்டால் அந்த ரோட்டில் எறும்பு குறுக்கே போக டோக்கன் வாங்க வேண்டும். சீசனுக்கு முந்தியா... ஒரு நாய் இல்லை. இரண்டு பக்கமும் மரம். மலையிலிருந்து காற்று மட்டும் இறங்கி வருகிறது. நான் மொபெட்டில் போகிறேன். வேல்ராஜின் ஒர்க்‌ஷாப் அந்த ரோட்டில்தான். தனியாக ஒரு தகரக் கொட்டகை.

கொட்டகை வருவதற்கு முன்னால் வாடை வந்துவிட்டது.

என்ன வாடை? அருவியில் குளித்த ஈரத் துண்டைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி மறந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பல நாள் கழித்துப் பிரித்தால் ஒன்று வருமே... அது. அதோடு காறிப்போன நல்லெண்ணெய். அதோடு, நெரிசலான பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கிறவனின் கக்கம் உங்கள் மூக்குக்கு நேரே இருந்தால் எப்படி... போதுமா? அந்த வாடையில் ரோட்டோரப் புளியமரம் ஒன்று ஒரே மூச்சில் இலையை உதிர்த்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த லாரிக்காரன் தாங்க முடியாமல் கேரளாவுக்கே திரும்பிப் போய்விட்டான்.

"லாரியாம்" என்றார் குமரகுரு.

வேல்ராஜ் மஸ்கட்டில் பல வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவன். அங்கே தனியாகக் கிடந்து குபூஸ் ரொட்டி தின்றது போதும் என்று ஊரோடு வந்து கொட்டகை போட்டிருந்தான். முதல் பெரிய ஆர்டர் அப்போதுதான் வந்திருந்தது. அருவிக்கரையில் புதுக் கைப்பிடிக் கம்பி நிறுத்துகிற வேலை. கம்பி நிற்க அடித்தகடு வேண்டும். தகட்டில் மூலைக்கு ஒரு துளை வேண்டும். துளை போட அவனிடம் இருப்பது ஒரே ஒரு டிரில்லிங் மிஷின். சாரல் விழுந்து கூட்டம் வருவதற்குள் தகடு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆர்டர் போனால் கொட்டகைக்குப் பூட்டு... மறுபடி மஸ்கட். அவன் பயமெல்லாம் அதுதான்.

"அண்ணாச்சி, பிட்டு ஆடுது" என்றான். முகம் செத்துப்போயிருந்தது.

பார்த்தேன். துளை வட்டமாக விழவில்லை. கோழிமுட்டை மாதிரி விழுந்திருந்தது. பிட், அதாவது துளைக்கிற முனை, ஆடினால் முதலில் சக்கைப் பார்க்க வேண்டும். சக் என்பது பிட்டைக் கவ்விப் பிடிக்கிற வாய். வாயைத் திறந்தேன். மூன்று தாடையிலும் மஞ்சளாக ஒரு கொழகொழப்பு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துணியில்... முடி. சுருட்டை முடி. வெள்ளையும் கறுப்பும் கலந்த நெஞ்சு முடி. வேல்ராஜ் சட்டை இல்லாமல்தான் நின்றான். அவன் நெஞ்சு கழுவிவைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும்.

மாட்டி ஓட்டினேன். ஆட்டம் நின்றது. "சோலி முடிஞ்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறேன், சக் மொத்தமாகக் கழன்று கீழே விழுந்தது.

சக் கழன்று விழுவது ஒன்றும் புது வியாதி இல்லை. மேலே அது கூம்பாக ஏறி உட்காருகிற இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கும். சுத்தமாகத் துடைத்து, அடியில் மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். சரி. ஆனால் இரும்பு இரும்பின்மேல் விழுந்தால் என்ன சத்தம் கேட்க வேண்டும்? ணங்... இது 'சொத்' என்றது. கறிக்கடையில் ஈரலைத் தூக்கித் தராசில் போடுகிற மாதிரி. குனிந்து எடுத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. கையை விட்டு நழுவ நழுவப் பார்த்தது.

மறுநாள் பெல்ட் வழுக்கியது. அதற்கும் வைத்தியம் உண்டு. சாக்பீஸை உரசிவிட்டால் பெல்ட் பிடித்துக்கொள்ளும். உரசினேன். ஓடியது. கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்தால்... சாக்பீஸ் தூள் எல்லாம் திரண்டு, நீளநீளமாக, சாம்பல் நிறத்தில், புழு மாதிரி, பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தைச் சுற்றிக் கிடக்கிறது. உடம்பில் எண்ணெய் ஊறினபிறகு கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அழுக்குத் திரளுமே, அதேதான். அளந்தால் ஒரு மரக்கால் தேறும்.

மண்டபத்தில் எனக்கு எதிரே இருந்த ஒருத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எனக்கு உற்சாகமாகிவிட்டது.

அடுத்து மோட்டார். ம்ம்ம்... என்று முனகுகிறது, சுற்றவில்லை. அப்படி முனகினால் கண்டென்சர் போயிருக்கும். தென்காசிக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்து மாற்றினேன். சுற்றியது. முனகல் மட்டும் நிற்கவில்லை. ம்ம்ம்... ஆங்... ங்ஙா... முதுகை மிதித்துவிடச் சொல்லிக் குப்புறப் படுத்திருக்கிற ஆள் சுகத்தில் முனகுவானே, அந்த முனகல். துளை போட்டுக் கைப்பிடியை விட்டால் ஸ்பிரிங் சட்டென்று மேலே இழுக்க வேண்டும். இது நின்றது. யோசித்தது. ஹ்ஹா... என்று ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு நிதானமாக மேலே போனது.

இரும்பைத் துளைத்தால் சுருள் சுருளாக வரும். கையில் பட்டால் பிளேடு மாதிரி கிழிக்கும். இங்கே வந்த சுருளை எடுத்து விரலால் நசுக்கினேன். நசுங்கியது. மெத்தென்று... வெயிலில் காய்ந்த தோள்பட்டையில் தோல் உரியுமே, அதைச் சுருட்டின மாதிரி. விளக்குக்கு நேரே பிடித்தேன். ரோமக்கால் தெரிந்தது.

"ஏம் அண்ணாச்சி, ராத்திரிச் சோறு எறங்க வேண்டாமா" என்றாள் குருவம்மாள். ஆனால் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

நான் அந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் கொட்டகைக்குச் சங்கரேஸ்வரி சோற்றுவாளியோடு வந்தாள். உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணாச்சி, இவரு படுத்த பாயில எண்ணெ. தலையாணில எண்ணெ. நான் தோசைமாவைத் தொறந்தா அது மேல எண்ணெ மெதக்குது. ஒண்ணு அந்த மிசினு கெடக்கட்டும், இல்ல நான் கெடக்கேன்."

"மிசினு போனா ஆர்டரு போச்சுட்டி. அப்புறம் மஸ்கட்டுதான்" என்றான் வேல்ராஜ்.

"மஸ்கட்டுக்கா? இந்த நாத்தத்தோட ஒங்கள ஏரோப்ளேன்ல ஏத்துவானாக்கும்."

வாளியை ரோட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேல்ராஜ் மிஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் இறக்கினான். கொட்டகை அமைதியானது. சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது...

தப்.

தப்... தப்...

தப்தப்தப்தப்... தொப்.

நிறுத்தின மிஷினிலிருந்துதான். எண்ணெய் வழிகிற முதுகில் உள்ளங்கையைக் குவித்து அடிக்கிற சத்தம். அடித்துவிட்டு ஒரு வழி வழிப்பார்கள் பாருங்கள்... ஸ்ஸ்ர்ர்ர்... அதுவும் கேட்டது. வேல்ராஜ் வாயில் வைத்த உருண்டை அப்படியே நின்றது.

நான் எழுந்துபோய் மிஷினை மோந்து பார்த்தேன். வாடை மோட்டாரில் இல்லை, பெல்ட்டில் இல்லை. துளை போடுகிற இடத்தில் இருந்தது. பிட் சூடேறாமல் இருக்க எண்ணெய் விட்டுக்கொண்டே துளைப்பது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உள்ள வழக்கம். பக்கத்தில் ஒரு கேன். அதில் தொட்டு விட ஒரு பிரஷ்.

எங்கள் டிப்போவில் எந்த எண்ணெயையும் நாக்கில் வைத்தே நான் பேர் சொல்லிவிடுவேன். எஞ்சினியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இதையும் விரலால் தொட்டேன். நாக்கில் வைத்தேன்.

"நல்லெண்ணெய்... வெளக்கெண்ணெய்... கற்பூரம் இருக்கு... சுக்கு..." சப்புக்கொட்டினேன். "இன்னொண்ணு இருக்குலே. என்னன்னு பிடிபடலை." மறுபடி தொட்டு வைத்தேன். "உப்பு."

வேல்ராஜ் தரையைப் பார்த்தான்.

"ஏலே, எங்கன வாங்குன இதை?"

"வாங்கலை அண்ணாச்சி. சுடலைக்கண்ணு அண்ணாச்சி குடுத்தாவ."

சுடலைக்கண்ணு, அருவிக்குப் போகிற வழியில் கல் போட்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. அன்றைக்கு நான் எடுத்த வாந்தியில் முந்தின வருஷத் தீபாவளி முறுக்கு வரைக்கும் வந்து விழுந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் அங்கேயே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். உடம்பில் தேய்த்து வழித்த எண்ணெயை மசாஜ்காரர்கள் வேறு எதற்கும் தொடமாட்டார்கள். இன்னொரு உடம்புக்கு ஆகாது, விளக்குக்கும் ஆகாது. மண்ணில்தான் ஊற்ற வேண்டும். இப்போது அருவிக்கரை முழுக்கச் சிமெண்டுக் கல் பாவிவிட்டார்கள். ஊற்ற மண் இல்லை. அதனால் கேனில் வழித்து வைத்து, தூரமாகக் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள். வேல்ராஜ் கம்பிக்கு அளவு எடுக்கப் போனபோது சுடலைக்கண்ணு ஒரு கேனைக் கொடுத்து, போகிற வழியில் மண்ணில் ஊற்றிவிடு, வேறு எதற்கும் தொடாதே என்று சொல்லியிருக்கிறார். இவன் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். கேன் நிறைய எண்ணெய்.

"நல்லாத்தான இருந்துச்சு, அண்ணாச்சி. எதுக்கு வீணாக்கணும்னு..."

வடை சுட்ட எண்ணெயையே வடிகட்டி வைக்கிற குடும்பம். அவனை என்ன சொல்ல.

வாயைக் கழுவு கழுவு என்று கழுவிவிட்டு, அவனை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துச் சுடலைக்கண்ணுவிடம் போனேன். அவர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். கேன் எண்ணெயை என்ன செய்தோம் என்று கேட்டதும் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அது போன ஆடியில வழிச்சதுப்பா. ஒரே ஒரு ஆளு மேல வழிச்சது. வெளியூர்க்காரரு. ஆளுன்னா ஆளு, இந்தக் கல்லு பத்தலை அவருக்கு. காலைல இருந்து தேச்சேன். முடிக்கவும் அருவில வெள்ளம் வரவும் சரியா இருந்துச்சு. விசில் அடிச்சு எல்லாரையும் வெளிய ஏத்திட்டாங்க. இவரு எண்ணெ சொட்டச் சொட்ட போய் நின்னு, 'சார், அஞ்சே நிமிசம் சார், இந்த எண்ணெயோட எப்படி சார் போறது'ன்னு போலீஸ்காரர்ட்ட கெஞ்சுதாரு. விடலை. வெள்ளம் வடியட்டும்னு திரும்பி வந்து இந்தக் கல்லுலயே உக்காந்தாரு. சாயங்காலம் தோளைத் தொட்டுப் பாக்கேன்... சில்லுன்னு இருக்கு. தூக்கப் போனா கையில நிக்க மாட்டேங்காரு. நாலு பேரு பிடிச்சும் வழுக்கி வழுக்கி விழுதாரு. கடைசில சாக்கைச் சுத்தித்தான் தூக்குனாங்க."

கீழே வைத்த செம்பை எடுத்துக் கல்லில் தண்ணீரை ஊற்றினார்.

"எண்ணெ தேச்சா குளிச்சாவணும்ப்பா. அந்த மனுசன் குளிக்கலை."

இங்கே மண்டபத்தில், மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும். விசில் அடித்த போலீஸ்காரர் யார் என்று நான் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. ஆனால் குமரகுரு ஒரே உள்ளியை உரித்துக்கொண்டே இருந்தார். தோல் போய், சதை போய், விரலில் ஒன்றும் இல்லாத வரைக்கும்.

"தண்ணி செவப்பா வந்துச்சு" என்றார். "விசில் அடிக்காம என்ன செய்ய? என் டூட்டி அது. க்ர்ர்ஹ்ம்."

"யாரு இல்லைன்னா? நீரு விடாம இருந்ததாலதான் அன்னைக்கு அத்தனை பேரும் உசுரோட வீட்டுக்குப் போனாவ. நான் அடுத்ததைச் சொல்லுதேன்."

ஃபிட்டர் மூளை எனக்கு. வியாதி தெரிந்துவிட்டால் வைத்தியம் வந்துவிடும். குளிக்காததுதான் கோளாறு என்றால் குளிப்பாட்டிவிட்டால் தீர்ந்தது. மோட்டாரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்தோம். பெல்ட்டையும் உருவிவிட்டோம். மிச்சம் தூணும் தலையும். லோடு ஆட்டோவில் ஏற்றி, குளிருகிற ஆளுக்குப் போர்த்துகிற மாதிரி ஒரு போர்வையைச் சுற்றி, மறுநாள் அந்திநேரத்தில் மெயின் அருவிக்கு ஓட்டிப்போனோம். வழியெல்லாம் போர்வை நனைந்துகொண்டே வந்தது. எண்ணெயில்.

அருவியில் நூல் நூலாகத்தான் தண்ணீர். முதல் சாரல் விழுந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. குளித்தவர்கள் கலைந்து போய்விட்டார்கள். நின்றவர் குமரகுரு ஒருத்தர்தான், கழுத்தில் விசிலோடு.

"என்னவே இது?"

"ஒம்ம மாப்பிள மிசினு. குளிக்கணுங்குது."

"குடிச்சிருக்கீரா?"

"மச்சான்" என்றான் வேல்ராஜ். "ஆர்டரு போயிரும் மச்சான். நான் மறுபடி மஸ்கட் போணும். ஒங்க தங்கச்சி..." அதற்குமேல் அழுதுவிட்டான்.

குமரகுரு போர்வையைத் தூக்கிப் பார்த்தார். வாடை அடித்ததும் மூக்கைப் பொத்தவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வாடையை முன்னமே தெரிந்தவர் மாதிரி நின்றார். பிறகு, "சீயக்காய் எல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீயக்காய்ப் பொட்டலம் என் மடியில் இருந்தது.

தூக்கிக்கொண்டு போய் அருவிக்கு அடியில் நிறுத்தினோம். தண்ணீர் தலையில் விழுந்தது.

"ஆ...ஹா..." என்று ஒரு சத்தம்.

அருவியில் முதல் தண்ணீர் தலையில் விழும்போது எல்லோரும் போடுகிற சத்தம்தான். நான் வேல்ராஜைப் பார்த்தேன். வேல்ராஜ் என்னைப் பார்த்தான். இரண்டு பேர் வாயும் மூடியிருந்தது.

தேய்த்தேன். தூண் இரும்பு இல்லை. சதை. அழுத்தினால் விரல் அமுங்கியது. எண்ணெய் கறுப்பாக, பிறகு பழுப்பாக, பிறகு சோறு வடித்த கஞ்சி மாதிரி திக்காக இறங்கியது. அழுக்கு உருண்டை உருண்டையாக என் கால் விரலிடுக்கில் ஏறியது. முடிக்கற்றை போய்க் கல்லிடுக்கை அடைத்தது. வேல்ராஜ் கையை விட்டு அதைப் பிடுங்கி எறிந்தான், ஓங்கரித்துக்கொண்டே. மிஷினுக்குப் பக்கவாட்டில் கைப்பிடி இருக்கும் பாருங்கள்... அது தானாக மெல்ல மேலே எழும்பியது. கக்கத்தைக் காட்டியது. நான் தேய்க்கும்வரை தூக்கின கையை இறக்கவில்லை.

மோட்டார் இல்லை. பெல்ட் இல்லை. சக் மட்டும் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக... தண்ணீருக்குள் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற மாதிரி.

அப்போதுதான் தண்ணீர் நிறம் மாறியது. மண் கலந்த சிவப்பு. மேலே எங்கேயோ மலையில் கொட்டியிருக்கிறது. உர்ர்ர்... என்று பாறைக்கு மேலே சத்தம். குமரகுரு ஓடி வந்தார். விசிலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது.

சத்தம் வரவில்லை.

மறுபடி ஊதினார். வரவில்லை. மனுஷன் இரக்கப்பட்டு எங்களுக்கு நேரம் கொடுக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்துக்குள் மிஷின் கழுத்தைத் திருப்பி, கையை இறக்கி, ஒரு ஏப்பம் விட்டது. சக் நின்றது. தொட்டால் சில்லென்ற இரும்பு. தூக்கிக்கொண்டு ஓடினோம். நாங்கள் கரை ஏறவும் பனைமரம் உயரத்துக்குத் தண்ணீர் வந்து நாங்கள் நின்ற இடத்தில் அறையவும் சரியாக இருந்தது. அதில் ஒரு யானை அடித்துக்கொண்டு போனது. யானை மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மோட்டாரை மாட்டி ஓட்டினோம். ஆட்டம் இல்லை, வழுக்கல் இல்லை, முனகல் இல்லை. வெண்ணெயில் விரல் விடுகிற மாதிரி துளை விழுந்தது. தகடு சொன்ன நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. வேல்ராஜ் மஸ்கட் போகவில்லை. விடிந்தால் அவன் மகளுக்கு இந்த ஊரிலேயே கல்யாணம். அருவியில் இப்போது நீங்கள் பிடித்துக்கொண்டு குளிக்கிற கம்பி அந்தத் தகட்டின்மேல்தான் நிற்கிறது. பிடித்தால் கொஞ்சம் வழுக்கும். எல்லோரும் பாசி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவுதான் கதை. நான் கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் குமரகுருவைப் பார்த்தார்கள். பொய் என்று அவர் சொல்ல வேண்டிய நேரம் அது. சொன்னால் சிரித்துவிட்டு உள்ளியை உரிக்கலாம் என்று காத்திருந்தார்கள்.

அவர் சொல்லவில்லை.

"நீங்க ஏன் விசில் அடிக்கலை?" என்றாள் குருவம்மாள்.

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்துச்சு" என்றார். "கடற்கரை சொன்னது நடந்துச்சு. நான் இரக்கப்படலை. ஊதுனேன்... ஊதும்போது பின்னால, பொடதியில ஈரமா ஒரு மூச்சு. 'அஞ்சே நிமிசம் சார்'னு. நான் பயந்துபோயி ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சிட்டேன்."

நாக்கால் கடைவாயைத் துழாவிவிட்டு மறுபடி பேசினார்.

"வாய் நெறைய எண்ணெ. முழுங்கிட்டேன். வீட்டுக்கு வந்து விசிலைத் தட்டிப் பாக்கேன். துவாரத்துல ஒரு முடி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. பிடிச்சு இழுத்தேன். வந்துச்சு. இழுக்க இழுக்க வந்துச்சு. விசிலைத் தூக்கிக் கெணத்துல போட்டேன்."

"போட்ட பெறவு?" என்றாள் குருவம்மாள்.

"முடி எங் கையிலதான் இருந்துச்சு. அது விசிலுக்குள்ளருந்து வரலை."

க்ர்ர்ஹ்ம்... என்று செருமினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, கடைவாய்க்குப் பின்னால் எதையோ தேடிப் பிடித்து, பழக்கப்பட்ட கையால் மெல்ல இழுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அது நீளமாக, எண்ணெயில் மின்னியது.

"மூணு வருசமா இழுக்கேன்" என்றார். "நுனி இன்னும் வரலை."